தூண்டுச் சுருளிலிருந்து பெருமின்னோட்டத் துடிப்புப் பெறுதல்

டார்ச்சு மின்கலம் ஒன்றின் அழுத்தம் 1.5 வோல்ட்டே, அதனால் நியான் விளக்கு எரியாது. ஆயினும், இரும்பு உள்ளகத்தின்மேல் பல நூறு சுற்றுக்கள் சுற்றிய சுருளை மின்கலத்துடன் சேர்த்து, விளக்கைச் சுருளுக்கு இணையாக அமைத்து, மின்கலத் தொடர்பைத் திடீரென நீக்கின், விளக்கு ஒரு கணம் ஒளிர்ந்து மறையும். சுருள் தன் மின்னோட்டம் குறைவதை எதிர்ப்பதே இதற்குக் காரணமாகும்.

இத்தத்துவம் மிகப் பெரிய அளவிலும் பயன்பட்டுள்ளது. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் மார்க் ஓலிபண்ட் வடிவமைத்த ஒற்றைமுனை மின்னாக்கி, 50 கோடி ஜூல் ஆற்றலைச் சுழலும் எஃகுத் தட்டுக்களில் சேமிக்க வல்லதாயிருந்தது. 1970-களில் அதன் மின்னோட்டம் சேமிப்புச் சுருளொன்றின் வழியே தண்டவாளத் துப்பாக்கிக்கு அளிக்கப்பட்டது. சுமார் 3 கிராம் எடையுள்ள துண்டு, நொடிக்கு ஏறத்தாழ 5.9 கிலோமீட்டர் வேகம் பெற்றது. 1985-இல் அம்மின்னாக்கி நிறுத்தப்பட்டது.

வடிவமைப்புக் கணக்கு

சுருளின் தூண்டல் 20 மைக்ரோஹென்றி, தடை 0.2 மில்லிஓம், வேண்டிய மின்னோட்டம் 1 லட்சம் ஆம்பியர் எனக் கொள்வோம். சேமிக்கப்படும் ஆற்றல், தூண்டலையும் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி. அதாவது 1 லட்சம் ஜூல்.

மின்னோட்டம் 20 மில்லிநொடியில் சீராக உயர 100 வோல்ட்டு வேண்டும். முடிவில் தடைக்கு மேலும் 20 வோல்ட்டு வேண்டும். அந்நிலையில் சுருள் நொடிக்கு 20 லட்சம் ஜூல் வீதம் வெப்பமாக இழக்கும். ஆகவே நிரம்பிய சுருளைக் காத்திருக்க வைத்தலாகாது.

சுற்றைத் திறத்தல்

ஆற்றலைச் சேமிப்பதினும் அதனை வெளிக்கொணர்வதே கடினம். மின்னோட்டத்திற்கு வேறு வழி விடாமல், 100 மைக்ரோநொடியில் ஸ்விட்சைத் திறந்தால் 20,000 வோல்ட்டு எழும். உண்மையில் தொடுமுனைகளிடையே மின்வில் தோன்றி, சேமித்த ஆற்றல் அங்கேயே வெளிப்பட்டு முனைகளை உருக்கும். அருகிருப்போர் உயிருக்கும் ஆபத்தாகும்.

எனவே சுமையின் ஸ்விட்சை முதலில் மூடி, அதன் பின்னரே மின்கலத்தின் ஸ்விட்சைத் திறத்தல் வேண்டும். சுமையின் தடை 5 மில்லிஓம் எனில் அதில் எழுவது 500 வோல்ட்டே. சுமைக்குச் செல்லும் கம்பிகளின் தூண்டல் 0.2 மைக்ரோஹென்றி எனில் மேலும் 200 வோல்ட்டு சேரும். இவற்றுடன் மின்கல அழுத்தத்தையும் கூட்டினும், ஸ்விட்சு தாங்கவேண்டியது 1,000 வோல்ட்டுக்குக் குறைவே. கம்பிகளைக் குறுகியனவாகவும் நெருங்கியனவாகவும் அமைப்பதன் பயன் இதனால் விளங்கும்.

ஆனால் நெருங்கிய கம்பிகள் ஒன்றையொன்று வலுவாகத் தள்ளும். 10 சென்டிமீட்டர் இடைவெளியில், எதிர்த்திசைகளில் 1 லட்சம் ஆம்பியர் செல்லின், மீட்டருக்குச் சுமார் 2 டன் எடைக்குச் சமமான விசை எழும். ஆதலின் அவற்றை உறுதியாகப் பிணித்தல் இன்றியமையாதது.

மின்னோட்டத்தைப் பெருக்குதல்

தனிச் சுருள் ஒன்று, தான் பெற்ற மின்னோட்டத்தைவிட மிகுதியாகத் தராது. பத்துச் சுருள்களைத் தொடராக இணைத்து 10,000 ஆம்பியர் செலுத்தி, பின்னர் இணையாக மாற்றினால் சுமைக்கு 1 லட்சம் ஆம்பியர் வரை கிட்டும்.

நியான் விளக்குச் சோதனையை வகுப்பில் செய்து காட்டலாம். அங்கும் விளக்கை இணைத்த பின்னரே மின்கலத் தொடர்பை நீக்குதல் வேண்டும். வெறுங்கம்பி முனைகளைத் தொடலாகாது. மாணவர் முதலில் கற்கவேண்டிய விதி ஒன்றே: சுருளின் மின்னோட்டத்தைத் தடுப்பதற்கு முன் அதற்கு மாற்றுவழி அமைத்தல் வேண்டும்.