ஃப்ரீசரில் ஏன் இவ்வளவு பனி?

மாணவர்களே, இன்று உங்கள் வீட்டு ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். சுவரில் விரல் தடிமனுக்கு வெள்ளைப் பனி ஏறியிருக்கிறதா? மோட்டார் ஓயாமல் ஓடியும் ஐஸ்கிரீம் குழைந்து கிடக்கிறதா? இவை பெரும்பாலும் ஒரே கோளாறின் அறிகுறிகள். பழுது பார்ப்பவரைக் கூப்பிடும் முன் காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஒன்று. ஃப்ரீசர் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. உட்சுவர்க் குழாயில் ஓடும் திரவம் குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகும்போது, பள்ளியில் 'ஹாபா பெண்டாம்' என்று படிக்கிறீர்களே, அந்த உள்ளுறை வெப்பத்தை உணவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்கி, பின்பக்கக் குழாய்களுக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தைச் சமையலறைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு ஆவி மீண்டும் திரவமாகிறது. சில பெட்டிகளில் இந்தக் குழாய்கள் பக்கச் சுவருக்குள் இருக்கும். சுவர் சுடுகிறதே என்று பயப்பட வேண்டாம். வெப்பம் வெளியேறுகிறது என்று பொருள்.

கதவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்டால், "குளிர் போய்விடும், சார்" என்ற பதில்தான் வரும். நம் ஊரில் அதைவிடப் பெரிய தொல்லை, உள்ளே வரும் ஈரக்காற்று. ஒரு கணக்குப் போடுவோம். 30 டிகிரி செல்சியஸ், 80 விழுக்காடு ஈரப்பதம்: கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ சாதாரணமான ஒரு நாள். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். –18 டிகிரியில் அதே அளவு காற்று ஏறக்குறைய 1 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மீதி 23 கிராமும் பனியாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரீசருக்குள் 100 லிட்டர் காற்று இருந்து, கதவைத் திறக்கும்போது அது முழுவதும் மாறினால் 2.3 கிராம் பனி. ஒரு நாளைக்கு 15 முறை திறந்தால், மாதத்துக்கு ஒரு கிலோவைத் தாண்டும்! ஒவ்வொரு முறையும் காற்று முழுவதும் மாறாது. ஆகவே உண்மை அளவு இதைவிடக் குறைவு. ஆனால் கதவின் ரப்பர் விளிம்பில் இடைவெளி இருந்தால், இரவும் பகலும் கதவு சற்றுத் திறந்திருப்பதற்குச் சமம்.

இந்தப் பனிக்குள் காற்று நிறைந்திருக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் குளிர்க்குழாய்க்கும் உணவுக்கும் நடுவே பனி ஒரு கம்பளிபோல் ஆகிவிடுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தாலும் மீனிலிருந்து வெப்பம் சரியாக வெளியேறுவதில்லை. மின்கட்டணம் ஏறுகிறது.

பனி எங்கே தடித்திருக்கிறது என்று கவனியுங்கள். கதவோரம் மட்டும் தடித்திருந்தால் ரப்பரைச் சந்தேகிக்கலாம். ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பில்லை. நான்கு பக்கமும் இப்படிச் சோதியுங்கள். பல வீடுகளில் ரப்பர் கெட்டிருக்காது. குழம்புக் கறை படிந்திருக்கும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான சோப்பு நீரில் துடைத்தால் போதும். எல்லாச் சுவரிலும் பனி சமமாக ஏறியிருந்தால், அடிக்கடி திறப்பதும் சூடான உணவை மூடாமல் வைப்பதும் காரணமாக இருக்கலாம்.

பனியை அகற்ற, மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுநீர் வையுங்கள். தயவுசெய்து கத்தியால் குத்தாதீர்கள். பனிக்குப் பின்னால் மெல்லிய குழாய் இருக்கிறது. உங்கள் பெட்டியின் பின்புற ஒட்டியில் 'ஆர்600ஏ' என்று இருந்தால், அந்தக் குழாயில் ஓடுவது ஐசோபியூட்டேன், அதாவது தீப்பற்றும் வாயு.

பனி தானாகக் கரையும் வகைப் பெட்டியில் வேறொரு குறி உண்டு. மேலே ஃப்ரீசர் உறைந்திருக்கும், கீழ்ப்பகுதியோ சூடாகிவிடும். பின் பலகைக்குள் மறைந்திருக்கும் பனி காற்றுவழியை அடைத்திருக்கக்கூடும். மின்தடைக்குப் பின் 'டிக்' என்று ஒலித்து மோட்டார் நின்றுவிடுகிறதா? குழாயின் இரு பக்க அழுத்தமும் சமமாகாததால் மோட்டாரால் கிளம்ப முடியவில்லை. செருகியைக் கழற்றி ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். அப்போதும் 'டிக்' மட்டும் கேட்டால் அது பழுது பார்ப்பவரின் வேலை.

மின்சாரமே நீண்ட நேரம் நின்றுவிட்டால்? 2021 டிசம்பர் 18இல் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது நினைவிருக்கும். வெள்ளநீர் புகுந்த ஃப்ரீசரைக் காய்ந்துவிட்டதே என்று செருகிப் பார்க்கக் கூடாது. மின்தொழிலாளர் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். வெள்ளநீர் பட்ட உணவை வீசிவிடுங்கள். தண்ணீர் புகாமல் மின்சாரம் மட்டும் நின்றிருந்தால் கதவைத் திறக்காதீர்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ நீரை ஏறக்குறைய 80 டிகிரி சூடாக்கிவிடும். அதனால்தான் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் தாங்கும். பிறகு பார்க்கும்போது உணவில் பனிப்படிகங்கள் இருந்தால் மீண்டும் உறையவைக்கலாம். 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிக் கிடந்த இறைச்சியை ருசி பார்த்துக்கூடச் சோதிக்காதீர்கள்.

தீபாவளிக்குப் பாட்டி வீட்டுக்குப் போகிறீர்களா? ஒரு குவளை நீரை உறையவைத்து, அதன்மேல் 20 சென் காசு ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் கவலையில்லை. பனிக்கட்டிக்குள் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. கல்போல இறுகிக் கிடந்தாலும் அந்தக் கோழி குப்பைக்குத்தான்.