24 அடியா? 32 அடியா?
(அறிவியல் பகுதி – எழுதியவர்: பதினோராம் வகுப்பு மாணவர்)



கடற்கரை ஊர்ப் பிள்ளைகளான நாம் தினமும் ஃபைபர் படகைப் பார்க்கிறோம். நம்ம கணக்குப் புத்தகமும் இயற்பியல் புத்தகமும் அதுக்குள்ளேயே இருக்கு என்பதை யோசித்தது உண்டா? நாகை, கடலூர் பக்கம் புதுப் படகு எடுக்க நினைக்கிறவர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி, "24 அடியா, 32 அடியா?" என்பது. "எட்டு அடிதானே கூட, பெருசாவே எடுத்துடலாம்"னு பக்கத்தில் நிற்கிறவர் சொல்லிவிடுவார். அந்த எட்டு அடி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

32ஐ 24ஆல் வகுத்தால் 4/3. நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் படகு நீளத்தில் மட்டும் வளராது. அகலமும் உயரமும் சேர்ந்து வளரும். மூன்றும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் பரப்பு 16/9, அதாவது 1.78 மடங்கு. கன அளவு 64/27, அதாவது 2.37 மடங்கு! நிஜத்தில் நம்ம படகுகளை ஒல்லியாகத்தான் கட்டுவார்கள், அகலம் அவ்வளவு கூடாது. அதனால் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு அடி கூடுதல் என்பது கிட்டத்தட்ட இன்னொரு படகு!

இப்போது இன்ஜினுக்கு வருவோம். சின்னப் படகுக்கு 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு போதும். பெரியதற்கு 25 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் ஓடினால் 9.9 இன்ஜின் மணிக்குச் சுமார் 4 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். 25 இன்ஜின் சுமார் 10 லிட்டர். போக வர நாலு மணி நேர ஓட்டம் என்றால் 16 லிட்டர், 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் 1,600, 4,000.

அவ்வளவு எண்ணெய் ஊற்றினால் வேகம் இரண்டரை மடங்கு வருமா என்றால், வராது. தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் படகு தானே ஒரு அலையை எழுப்பி, அதற்குள் மாட்டிக்கொள்கிறது. நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட்டில் கிடைக்கும் (நீளம் அடியில், சரியாகச் சொன்னால் தண்ணீரைத் தொடும் நீளம்). 24 அடிக்கு 6.6 நாட், 32 அடிக்கு 7.6 நாட். ஒரு நாட் 1.852 கி.மீ. என்பதால் மணிக்கு 12 கி.மீ., 14 கி.மீ. என்று ஆகிறது. ஒல்லிப் படகு இதைக் கொஞ்சம் மீறும். பெரிய இன்ஜின் போட்டால் காலிப் படகு அலை மேல் ஏறிப் பறக்கவும் செய்யும். வலையும் ஐஸும் மீனும் ஏறிய பிறகு அந்தப் பறப்பு அடங்கிவிடும்.

இன்னொரு விஷயம். தேவையான சக்தி ஏறத்தாழ வேகத்தின் முப்படியாகக் கூடும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 0.9 × 0.9 × 0.9 = 0.73 பங்கு சக்தி போதும். அதே தூரத்துக்கு எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். கரைக்கு முதலில் வந்து நல்ல ஏலம் பிடிக்கணும்னு ஆக்சிலேட்டரை முழுசா முறுக்குறவங்க இதைக் கேட்க மாட்டாங்க. அது வேற கதை!

எங்க வீட்டிலேயே இந்தப் பேச்சு ஓடுகிறது. அப்பா 24 என்கிறார், சித்தப்பா 32 என்கிறார். அடகுக்குப் போகப் போவது அம்மாவின் நகை. அதனால்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு நாள் பாடு 6,000 ரூபாய்க்கு ஏலம் போனது என்போம். முதலில் எண்ணெய்ச் செலவையும் ஐஸ், சாப்பாட்டுச் செலவையும் கழித்துவிட்டு மீதியைப் பங்கு வைப்பார்கள். பங்கு முறை ஊருக்கு ஊர் மாறும், இது கணக்குக்காக. சின்னப் படகு: 1,600, 400 போக மீதி 4,000. ஆள் மூன்று, படகு–இன்ஜின்–வலைக்கு இரண்டு, ஆக 5 பங்கு. பங்குக்கு 800 ரூபாய். பெரிய படகு: 4,000, 600 போக மீதி 1,400. ஆள் ஐந்து, படகுக்கு மூன்று, ஆக 8 பங்கு. பங்குக்கு 175 ரூபாய்! அதே 800 கிடைக்க வேண்டுமானால் 11,000 ரூபாய்க்கு மீன் படணும்.

ஆள் கிடைப்பதும் ஒரு பிரச்சினை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையில் ஃபைபர் படகுகள் நிறைய வந்தன. கட்டுமரத்தில் கூலிப் பங்குக்குப் போனவர்கள் பலர் படகுக்காரர் ஆனார்கள். படகு கூடினால் கூட வரும் ஆள் குறையத்தானே செய்யும்?

சித்தப்பா பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வாடை அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் குட்டையான படகு ஒவ்வொரு அலைக்கும் அணியத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். நீளப் படகு இரண்டு அலை மேல் சேர்ந்தாற்போல் படுத்துப் போகும். சின்னது கரையில் கிடக்கும் சில நாட்களில் பெரியது போகலாம். அதிக வலை ஏற்றலாம், தூரம் போய்ச் சீலா, சூரை பிடிக்கலாம். ஆற்றுமுகமோ துறைமுகமோ இருக்கிற ஊர் என்றால் நானும் 32 என்றுதான் சொல்வேன்.

எங்க ஊரில் இரண்டும் இல்லை. திறந்த மணல் கரை. அலைவாயைத் தாண்டி மணலில் ஏற்ற வேண்டும். சின்னதை ஆள் சேர்ந்து தள்ளிவிடலாம். இரண்டு மடங்கு கனமானதுக்கு டிராக்டர்தான், அதுக்கும் வாடகை. கரை தட்டும்போது இன்ஜினைத் தூக்கிவிடாவிட்டால் விசிறி மணலில் அடிபடும். ஆகவே என் ஓட்டு அப்பாவுக்கு.

எந்தப் படகானாலும் இன்ஜின் வாங்கும்போது அதன் தண்டு நீளத்தைப் பாருங்கள். 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு வகை பொதுவாக வரும். இன்ஜின் மாட்டும் பின்பலகையின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்கணும். குட்டைத் தண்டை உயரப் பலகையில் மாட்டினால் அலையில் விசிறி வெளியே வந்து, தண்ணீரைப் பிடிக்காமல் சும்மா அலறும்.

வீட்டுக் கணக்கு: 28 அடிப் படகின் கன அளவு 24 அடியைப் போல எத்தனை மடங்கு? (மூன்று பக்கமும் ஒரே விகிதத்தில் கூடுவதாகக் கொள்க.) விடையை எழுதி நம் கணக்கு ஆசிரியரிடம் கொடுங்கள். அடுத்த இதழில் சரியான விடை வரும்.