நியூ ஆர்லியன்ஸ் புனரமைப்பு தரும் பாடம்

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய நகரம் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, கால்வாய்களின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து, நகரின் 80 சதவீதப் பரப்பு நீரில் மூழ்கியது. மேட்டு நிலத்தில் அமைந்த தொன்மையான பிரெஞ்சுக் குடியிருப்பு பெரும்பாலும் தப்பியது. பிற்காலத்தில் நீர் வடித்து உருவாக்கப்பட்ட தாழ்நிலங்களே பேரழிவுக்குள்ளாயின.

புனரமைப்பில் கரைகள், மதகுகள், நீரிறைப்பு நிலையங்கள் ஆகியவற்றிற்கு 1,400 கோடி டாலருக்கு மேல் செலவிடப்பட்டது. ஆயினும் மக்கள் அனைவரும் திரும்பவில்லை. 2000-இல் 4,84,674 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 3,83,997 ஆகவே இருந்தது.

இதற்குரிய காரணங்களுள் ஒன்று வீட்டு உதவித்தொகையைக் கணக்கிட்ட முறையாகும். 'ரோடு ஹோம்' திட்டத்தில், வெள்ளத்திற்கு முந்தைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. சான்றாக, இரு வீடுகளைச் சீராக்கத் தலா 1,00,000 டாலர் தேவை எனக் கொள்வோம். ஒன்றின் சந்தை மதிப்பு 1,50,000. மற்றதன் மதிப்பு 60,000. முன்னதற்கு முழுச் செலவும் கணக்கில் சேரும். பின்னதற்கு 60,000 மட்டுமே. மரமும் செங்கல்லும் இருவருக்கும் ஒரே விலைதான். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டு மதிப்பு குறைவாதலின், அவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். 2008-இல் தொடரப்பட்ட வழக்கு, 2011-இல் கூடுதல் உதவி வழங்கும் உடன்பாட்டில் முடிந்தது. அதற்குள் ஆண்டுகள் பல கடந்துவிட்டன.

பேரிடர் உதவியை வகுப்போர், வீட்டின் விலையையன்றி, அதை மீண்டும் எழுப்ப ஆகும் செலவையே அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.