பள்ளியில் பயிலும் உளநூல்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழர் வீடுகளில் எழும் வினா ஒன்றுதான்: அடுத்து என்ன எடுப்பது? விடையும் பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கும். மதிப்பெண் மிகுந்தால் சயின்ஸ். சற்றுக் குறைந்தால் காமர்ஸ். மேலும் குறைந்தால் ஆர்ட்ஸ். அந்த ஆர்ட்ஸ் பிரிவின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் பாடம் ஒன்றுண்டு. மராத்தியில் அதனை மானஸசாஸ்திரம் என்பர். தமிழில் மனோதத்துவம், உளவியல், உளநூல் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன.

இயற்பியலில் முதுநிலை பயிலும் எனக்கு உளநூலில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம். அதுவும் ஓர் அறிவியலே என்பதும், மும்பைத் தமிழர்க்கு அது மிகவும் வேண்டப்படும் அறிவியல் என்பதும் என் விடை.

மகாராஷ்டிர மாநிலத்தில் ஜூனியர் காலேஜ் எனப்படும் 11, 12ஆம் வகுப்புகளில் இதனை விருப்பப் பாடமாக எடுக்கலாம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் இப்பாடம் உண்டு. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. புலனறிவு, கற்றல், நினைவு, சிந்தனை, ஊக்கம், உணர்ச்சி ஆகியவை முதலாண்டுப் பாடங்கள். ஆளுமை, மனநோய்கள், அவற்றிற்கான சிகிச்சை, மனப்பான்மை, குழுக்களின் இயல்பு ஆகியவை இரண்டாம் ஆண்டில் வரும். வேதியியல் மாணவன் உப்பைச் சோதித்து ஏட்டில் எழுதுவதுபோல, இம்மாணவனும் சோதனை நடத்திக் குறிப்பேடு எழுத வேண்டும்.

இப்பாடம் நேற்று முளைத்ததன்று. வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1879-இல் உளநூல் ஆய்வுக்கூடம் அமைத்தார். நம் நாட்டில் 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நரேந்திரநாத் சென்குப்தாவின் தலைமையில் இதற்கெனத் தனித் துறை கண்டது. 1924-இல் மைசூரிலும் 1943-இல் சென்னையிலும் துறைகள் தோன்றின. மைசூர்த் துறையைத் தொடங்கிய பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமியே 1935-இல் தம் இல்லத்தில் ‘ஆகாசவாணி’ என்ற வானொலி நிலையத்தை நிறுவியவர் என்பது பலர் அறியாத செய்தி.

நிற்க. இப்பாடத்தின் சுவையை அறிய நினைவு பற்றிய ஒரு பகுதியை மட்டும் பார்ப்போம்.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். மறந்ததை மீண்டும் கற்கும்போது முதல்முறை ஆன உழைப்பில் எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: ஒரு மணி நேரம் சென்று மீண்டும் கற்றால் ஏறத்தாழ 44 விழுக்காடு மிச்சம், ஒரு நாள் சென்றால் 34, 31 நாட்கள் சென்றால் 21. முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. முதல் நாளுக்குப் பின் வரும் முப்பது நாட்களில் போவதோ 13 விழுக்காடுதான்! மறதி தொடக்கத்தில் ஓடுகிறது, பின்னர் ஊர்கிறது. ஆகவே படித்த அன்றே ஒருமுறையும், பிறகு இடைவெளி விட்டுச் சிலமுறையும் திரும்பப் பார்ப்பதே சிறந்த வழி. தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் விழித்திருப்பது அன்று.

ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. ஒரு பகுதியை மாணவருள் சிலர் திரும்பத் திரும்பப் படித்தனர்; சிலர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர் முந்திவிட்டனர்! படிக்கும்போது வரும் ‘தெரிந்துவிட்டது’ என்ற நிறைவு நம்மை ஏமாற்றும் என்பது இதனால் விளங்கும். ஒற்றை அறையில் ஐவர் உறங்கும் தாராவி வீட்டில், படிக்கக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பது சிறிய கேள்வியா?

இதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. நெல்லையிலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக இங்கு வாழும் எங்கள் தெருப் பெண்மணி ஒருவருக்கு உறக்கம் போயிற்று. மருத்துவரிடம் மொழிபெயர்க்கப் பத்து வயது மகன் உடன் சென்றான். “மனசே சரியில்ல, எதுலயும் நாட்டம் இல்ல” என்று தாய் தமிழில் சொன்னதை, அவன் இந்தியில் “தலைவலி” என்றான். தலைவலி மாத்திரையோடு இருவரும் திரும்பினர். சிறுவனை நோவதற்கில்லை, தாயின் துயரைச் சுமக்கும் சொல் அவனிடம் இல்லை. தமிழும் இந்தியும் மராத்தியும் அறிந்து, உளநூலும் கற்ற ஒருவர் அங்கிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும். அவர் நம் தெருக்களிலிருந்து வராமல் வேறு எங்கிருந்து வருவார்?

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். இரண்டாண்டுப் பாடம் எவரையும் மருத்துவராக்காது. மனநோய்ப் பாடத்தைப் படித்துவிட்டுத் தம்பிக்கும் அத்தைக்கும் நோய்ப்பெயர் சூட்டுவது தவறு. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரியப் பட்டமும் மேற்பட்டமும் அதற்குமேல் பயிற்சியும் வேண்டும். பள்ளிப் பாடம் தருவது வேறு: பிறர் துயரைப் பைத்தியம் என்றோ பேய் என்றோ இகழாமல் செவிகொடுத்துக் கேட்கும் பக்குவம், தக்காரிடம் அனுப்பும் தெளிவு. மைய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி சேவையில் 14416 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலும் பேசலாம். இதனை நம் தெருக்களில் எத்தனை பேர் அறிவர்?

மாணவ நண்பர்களே! இப்பாடத்தை எடுக்க விரும்பும் தம்பி தங்கையர்க்கு மூன்று சொல்வேன். சோதனைகளை வீட்டாரிடம் செய்து பாருங்கள். ஒவ்வொரு கலைச்சொல்லையும் உங்கள் அன்னைக்கு விளங்கும் தமிழில் எழுதி வையுங்கள். ஓர் ஆய்வைப் படித்தால், எவரை வைத்து எப்படிச் செய்தனர் என்று முதலில் கேளுங்கள். கல்லூரியில் பயிலும் நாம் செய்ய வேண்டியது ஒன்றே: வரும் ஜூன் மாதம் அண்டை வீட்டில் ‘அடுத்து என்ன?’ என்ற பேச்சு எழும்போது, மதிப்பெண் குறைந்தவர்க்கு எஞ்சிய பாடமாக அன்றி, விரும்பிக் கற்கத்தக்க அறிவியலாக உளநூலின் பெயரையும் எடுத்துச் சொல்லுவோம்.