கடுக்காயும் இரும்பும் குடிநீரைச் சுத்தமாக்குமா?

கேள்வி: கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறோம். எங்கள் போர் தண்ணீரைப் பிடித்து வைத்தால் குடத்தில் செம்பழுப்புக் கறை படிகிறது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நானோ துகள் செய்து போட்டால் நச்சு உலோகங்கள் நீங்கிவிடும் என்கிறார்கள். மலையில் கடுக்காய்க்குப் பஞ்சமில்லை. வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?
– வாசகர், கச்சிராயபாளையம்

பதில்: வீட்டில் வேண்டாம். ஆனால் நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. வேலூர் விஐடி ஆய்வாளர்கள் கடுக்காய்ச் சாற்றைக் கொண்டு இரும்பு நானோ துகள்கள் தயாரித்து 2013-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்தால் உடனே கருத்துவிடும். அந்தக் காலத்தில் எழுதும் மை இப்படித்தான் தயாரானது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்போடு பிணைவதால் வரும் கறுப்பு அது. ஆய்வகத்தில் உப்பின் அளவையும் அமிலத்தன்மையையும் கட்டுப்படுத்தி, இதே வினையில் மிக நுண்ணிய துகள்களைப் பெறுகிறார்கள். அவை கொடிய ஆறு இணைதிறன் குரோமியத்தை, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றி அடியில் படியவைக்கும். ஈயத்தையும் ஆர்சனிக்கையும் தம் மேற்பரப்பில் பிடித்துக்கொள்ளும். மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த ராணிப்பேட்டைக்கு இத்தகைய ஆய்வு மிகவும் தேவை.

ஆனால், பிடிபட்ட உலோகம் அழிவதில்லை, கசடில்தான் இருக்கும். துகளை முழுவதுமாகப் பிரித்தெடுக்காவிட்டால் அதையும் சேர்த்துக் குடிப்போம். மிஞ்சும் சாறு கிருமிகளுக்குத் தீனியாகும். சென்னை ஐஐடி பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் ஆர்சனிக்கை நீக்க உருவாக்கிய ‘அம்ரித்’ வடிகட்டியில், இரும்புச் சேர்ம நானோ துகள்கள் வெளியேறாதபடி ஓர் உயிர்ப் பலபடிக்குள் கட்டப்பட்டிருக்கின்றன. குடிநீருக்கு அந்தக் கட்டுப்பாடு அவசியம்.

உங்கள் குடத்துக் கறைக்குப் பெரும்பாலும் இரும்பே காரணம். அது மட்டும்தான் என்றால், காற்றுப்படவிட்டு மணல் வடிகட்டியில் வடித்தாலே பெருமளவு குறையும். ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த தண்ணீரோ பளிங்குபோல் தெளிவாகவே இருக்கலாம். கொதிக்கவைத்தாலும் அவை போகாது. குடிநீரில் இவ்விரண்டும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமையும், குரோமியம் 0.05 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆகவே முதலில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். வழக்கமான சோதனையோடு ஈயம், ஆர்சனிக், குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவு வரும்வரை, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அந்த போர் தண்ணீரைக் கொடுக்காதீர்கள்.