மகளுக்குப் படிப்பு வரலையா, கவனம் நிக்கலையா?

குழுக்கடன் வாங்கித்தான் நம்மில் பலர் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்திருக்கோம். ரெண்டு அரியர் விழுந்ததும், "எனக்குப் படிப்பு வராதும்மா, நின்னுடுறேன்" என்று மகள் சொன்னால் வயிறு கலங்குது. பிளஸ் டூ பாஸான பிள்ளைக்குத் திடீரென்று அறிவு குறைஞ்சிடுமா?

படிக்கும்போது பக்கத்தில் போன் இருக்கா, பாருங்க. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேசினால் நம்ம மனசு பாதி பாலில்தானே இருக்கும்! வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் பார்த்துவிட்டுத் திரும்பினால் விட்ட இடம் பிடிபட நேரமாகும். மூணு மணி நேரம் உட்கார்ந்தும் பாடம் ஏறாது. பிள்ளை அப்போ போனைக் குறை சொல்லாது, தன்னையே மட்டம்னு நினைக்கும்.

2017-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களைச் சோதித்தார்கள். சத்தம் அணைத்த போனை மேசைமேல் வைத்தவர்களைவிட, வேறு அறையில் வைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். பிறகு நடந்த சில ஆய்வுகளில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் காசு செலவில்லாத வழி, செய்து பார்க்கலாமே.

போனைப் பிடுங்காதீங்க. கல்லூரி அறிவிப்பும் நோட்ஸும் அதில்தான் வருது. அரைமணி நேரம் படிப்பு, போன் உங்க கையில். அப்புறம் பத்து நிமிஷம் அவள் கையில். அந்த அரைமணிக்கு நம்ம சீரியலையும் நிறுத்தணும், அதுதான் கஷ்டம்! அரியர் பாடத்தில் அவளுக்குத் தெரிஞ்ச ஒரு கேள்வியை முதலில் எழுதச் சொல்லுங்க.