நிறுத்தி வைக்கும் உழவு இயந்திரத்தை எலிகளிடமிருந்து காத்தல்

பெரும்போக அறுவடை மாசி, பங்குனி மாதங்களில் முடிவுறுகின்றது. குளத்து நீர் பெறாத மானாவாரி நிலங்களில் அதன்பின் ஆவணி, புரட்டாதி வரையும் உழவு வேலை கிடையாது. இக்காலம் முழுவதும் உழவு இயந்திரம் கொட்டிலினுள் ஓய்ந்து நிற்கின்றது. கமக்காரர் அதனை மறந்துவிட்டாலும் எலிகள் மறப்பதில்லை.

முதல் மழை விழுந்து, புழுதி விதைப்புக்கு நிலத்தைத் திருத்த வேண்டிய நாளில் இயந்திரத்தை இயக்க முற்படும்போதுதான் நேர்ந்த கேடு தெரியவரும். மின்கம்பிகள் கடியுண்டிருக்கும்; காற்று வடிகட்டி வைக்கோலால் அடைபட்டிருக்கும்; எரிபொருட் குழாய் கசியும். பழுது பார்ப்பவரைத் தேடி, மாற்றுறுப்பு வாங்கி வருவதற்குள் ஒரு வாரம் கழிந்துவிடும். அதற்கிடையில் மழை பலத்து நிலம் சேறாகிவிடின் புழுதி விதைப்புக்குரிய தருணம் போய்விடும். ஆகவே எலி கடித்த கம்பியின் விலையை மாத்திரம் நட்டமாகக் கணக்கிடுதல் தவறு. தவறிய பருவமே பெரிய நட்டமாகும்.

இத்துண்டுப் பிரசுரத்தில் கூறப்படும் முறைகள் நான்கு சக்கர உழவு இயந்திரம், இரு சக்கர உழவு இயந்திரம், அறுவடை இயந்திரம், லொறி ஆகிய யாவற்றுக்கும் பொருந்தும். இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவு மிகக் குறைவு. வேண்டுவது ஒழுங்கான கவனமே.

எலிகள் இயந்திரத்தை நாடுவது ஏன்?

வயலில் நெல் நிற்கும் வரையும் எலிகளுக்கு உணவும் மறைவிடமும் அங்கேயே கிடைக்கின்றன. அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் அவை வரம்புகளையும் பற்றைகளையும் விட்டு, நெல்லும் வைக்கோலும் உள்ள வளவுகளை நோக்கி வருகின்றன. இயந்திரத்தை நிறுத்தும் காலமும் எலி இடம் பெயருங் காலமும் ஒன்றாயிருப்பதைக் கவனிக்க.

இயந்திரத்தின் மூடிக்குக் கீழுள்ள இடம் இருளானது, உலர்ந்தது, ஒடுக்கமானது. கூகையும் பூனையும் அங்கே எளிதிற் புக முடியாது. கூடு கட்டுவதற்கு எலி விரும்பும் இயல்புகள் யாவும் அங்கே உள்ளன. அறுவடை இயந்திரத்தின் தானியத் தொட்டியிலும் ஏற்று குழாயிலும் எஞ்சிய நெல் அதற்கு உணவாகவும் அமைகின்றது.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. தேயாவிடின் அவை ஓராண்டில் 10 சென்ரிமீற்றருக்கும் மேல் நீளக்கூடியவை. ஆதலால் உணவல்லாத பொருளையும் எலி கடித்துக்கொண்டே இருக்கும். மின்கம்பியின் உறை, இறப்பர்க் குழாய், இருக்கையின் பஞ்சு ஆகியவை கடிப்பதற்கு மெதுவானவை.

நம் நாட்டில் இயந்திரங்களிற் கூடு கட்டுபவை பெரும்பாலும் வீட்டெலியும் சுண்டெலியுமாகும். வீட்டெலி ஏறுவதில் வல்லது. சக்கரத்தின் வழியாகவும், கொட்டிலின் வளையிலிருந்தும் இயந்திரத்தை அடையும். சுண்டெலியோ 6 மில்லிமீற்றர், அதாவது கால் அங்குலம் அகலமுள்ள இடைவெளியினூடே நுழைந்துவிடும். அகிழான் நிலத்தைத் தோண்டி வாழ்வது. அது இயந்திரத்தினுட் கூடு கட்டுதல் அரிது, ஆயினும் கொட்டிலின் நிலத்தைக் குடைந்து கெடுக்கும்.

எலியின் சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள் வரை பிறக்கும். ஆகவே ஒரு மாதம் கவனியாது விடப்பட்ட இயந்திரத்தில் ஓர் எலியன்று, ஒரு குடும்பமே குடியேறியிருத்தல் கூடும்.

கேடு விளையும் இடங்கள்

1. மின்கம்பிகள்: உறை நீங்கிய கம்பி இரும்பிற் பட்டால் உருகி எரிந்துபோகும், சில வேளைகளில் தீயும் மூளும். எரிந்த உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பித் துண்டை வைப்பது பெருந் தவறாகும். அவ்வாறு செய்தால் உருகி எரிவதற்குப் பதிலாக இயந்திரமே எரியும்.

2. புகைபோக்கியும் அதன் அயலும்: காய்ந்த வைக்கோற் கூடு புகைபோக்கிக் குழாயின்மேல் இருக்க இயந்திரத்தை இயக்கினால், சூடேறிய சிறிது நேரத்தில் அது தீப்பற்றும்.

3. காற்று வடிகட்டி: கூட்டினால் அடைபட்டால் கரும்புகை எழும்; வலு குறையும். வடிகட்டியை எலி துளைத்துவிட்டாலோ தீங்கு அதனினும் பெரிது. புழுதி நேரே உருளையினுட் சென்று அதன் சுவரையும் வளையங்களையும் தேய்த்துவிடும்.

4. நீர்க்குளிரூட்டி: அதன் இதழ்களுக்கிடையே வைக்கோலும் நாரும் அடைபட்டால் இயந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும்.

5. குழாய்கள்: எரிபொருள், நீர், எண்ணெய் ஆகியவற்றுக்குரிய இறப்பர்க் குழாய்களில் ஏற்படும் சிறு கடியும் வேலை நடுவே வெடித்துக் கசியலாம்.

நிறுத்துமுன் செய்ய வேண்டியவை

இயந்திரத்தை நிறுத்தும் நாளிலேயே அதனை முற்றாகக் கழுவித் துடையுங்கள். ஒட்டியுள்ள நெல், வைக்கோல், சேறு யாவும் நீங்க வேண்டும். அறுவடை இயந்திரமாயின் தானியத் தொட்டி, ஏற்று குழாய், சல்லடை ஆகியவற்றின் மூடிகளைத் திறந்து, எஞ்சிய மணிகளை வெளியேற்றுங்கள். இருக்கையின் கீழும் கருவிப் பெட்டியிலும் துணி, சாக்கு, உணவுப் பொதி முதலியவற்றை வைக்காதீர்கள். அவை கூடு கட்டுவதற்கு நாமே கொடுக்கும் பொருள்களாகும்.

மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மீண்டும் பூட்டும்போது அதனை இறுதியிலும் கையாளுதல் வேண்டும். இணைப்பு நீக்கப்பட்ட இயந்திரத்தில் எலி கம்பியைக் கடித்தாலும் தீ மூளாது.

செங்குத்தாக நிற்கும் புகைபோக்கியின் வாயை வெறும் பால்மாத் தகரமொன்றினாற் கவிழ்த்து மூடுங்கள். காற்று உள்வாங்கும் வாயை 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுடைய கம்பிவலையால் மூடிக் கட்டுங்கள். துணியைத் திணித்து அடைத்தல் கூடாது. எலி அதனையே இழுத்துக் கூட்டுக்குப் பயன்படுத்தும். மூடியவற்றை மறந்து இயந்திரத்தை இயக்காதிருக்கும்பொருட்டு, திருப்பு சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி விடுதல் நன்று.

கொட்டிலைப் பேணும் முறை

இயந்திரம் நிற்குங் கொட்டிலில் நெல் மூடை, வைக்கோல், கால்நடைத் தீவனம் ஆகியவற்றை வைத்தலாகாது. எலியைப் பிடிப்பதைக் காட்டிலும் அதன் உணவை அகற்றுவதே முதல் வேலை. கொட்டிலைச் சுற்றி மூன்று அடி அகலத்துக்குப் புல்லும் பற்றையுமின்றி வெளியாக வைத்திருங்கள். மறைவில்லாத வெளியைக் கடக்க எலி தயங்கும். கூரைமேல் வளைந்த மரக்கிளைகளை வெட்டிவிடுங்கள்.

கிடுகுக் கூரையில் எலி எளிதிற் குடியேறும். தகரமோ ஓடோ இட முடியாதவர்கள் இயந்திரத்தின்மேல் கிடுகு தொங்காதவாறாவது பார்த்துக்கொள்ள வேண்டும். எலி ஏறாதிருக்கத் தென்னை மரத்திற் பொருத்தும் வழுவழுப்பான தகரப் பட்டியைக் கொட்டிற் கால்களிலும் பொருத்தலாம். இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாது, நாற்புறமும் நடந்து பார்க்கக்கூடிய இடம் விட்டு நிறுத்துங்கள்.

பகலில் இயந்திர மூடியைத் திறந்து வைத்தலும் பயனுடையது. வெளிச்சமும் காற்றும் படுமிடத்தை எலி விரும்பாது. வாரம் ஒருமுறை மூடியின் கீழ் நன்கு பார்வையிட்டு, மூடிய வாய்களைத் திறந்து, மின்கலத்தைப் பூட்டி, இயந்திரத்தைக் கால் மணி நேரம் இயக்கி, நின்ற இடத்தை மாற்றி நிறுத்துங்கள். கூடு முற்றுப்பெறுமுன் குழப்பப்பட்டால் எலி வேறிடம் தேடும்.

பொறியும் நஞ்சும்

எலி இரவில், சுவரோரமாக, ஒரே வழியிற் சென்று வரும் பழக்கமுடையது. எச்சமும் அழுக்குத் தடமும் காணப்படும் இடமே பொறி வைக்கத்தக்க இடமாகும். அடிக்கும் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரையுள்ள பக்கம் சுவரைத் தொடும்படி வையுங்கள். சுட்ட கருவாடு, தேங்காய்ச் சொட்டு ஆகியவை நல்ல இரைகள். புதிய பொருளை எலி ஐயுறுமாகையால் முதல் இரண்டு மூன்று இரவுகள் இரையை மாத்திரம் வைத்து, பொறியை ஏற்றாது விடுங்கள். அச்சம் நீங்கிய பின் ஏற்றினால் பலன் மிகும். ஒரு பொறியை நம்பாது பல பொறிகளை வைத்து, நாள்தோறும் காலையிற் பார்வையிட வேண்டும்.

நஞ்சை இயந்திரத்தினுள் ஒருபோதும் வைக்காதீர்கள். குருதி உறைதலைத் தடுக்கும் நஞ்சை உண்ட எலி சில நாள் கழித்தே இறக்கும். எட்டாத மூலையிற் கிடந்து அழுகும். அவ்வெலியைத் தின்ற கூகை, பூனை, நாய் ஆகியவையும் கேடுறலாம். இரவில் எலிகளை வேட்டையாடும் கூகை கமக்காரனுக்குக் கூலியின்றி வேலை செய்யும் பறவை. அதனை இழப்பது நமக்கே நட்டம். நஞ்சு வைத்தே ஆகவேண்டிய நிலையில், பதிவு செய்யப்பட்ட நஞ்சை மாத்திரம் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி, பிள்ளைகளும் வளர்ப்பு விலங்குகளும் எட்டாத மூடிய பெட்டியில் வைத்துப் பயன்படுத்துக.

அந்துருண்டை, மிளகாய்த் தூள், பழைய எண்ணெய் ஆகியவற்றின் மணம் சில நாளிற் குறைந்துவிடும். எலியும் அதற்குப் பழகிவிடும். ஒலி எழுப்பி எலியை விரட்டுவதாகக் கூறி விற்கப்படும் கருவிகளுக்கும் எலி விரைவிற் பழகுகின்றது. இவற்றை மாத்திரம் நம்பித் துப்புரவைக் கைவிடுதல் கூடாது.

கூட்டை அகற்றும்போது எச்சரிக்கை

எலிக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகள் எலியின் சிறுநீரில் உள்ளன. கையிலோ காலிலோ உள்ள சிறு காயத்தின் வழியே அவை உடலிற் புகும். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கும் மேற்பட்டோர் இந்நோய் கண்டவர்களென ஐயுறப்பட்டனர். அவர்களுட் கமக்காரர் பலர். எனவே வெறுங்கையாற் கூட்டைத் தொடாதீர்கள். இறப்பர்க் கையுறை அணிந்து, வாயையும் மூக்கையும் மூடி, கூட்டையும் எச்சத்தையும் கிருமிகொல்லி கலந்த நீரால் நனைத்த பின்னரே அகற்றுங்கள். உலர்ந்த நிலையிற் பெருக்கினால் தூசி எழுந்து மூச்சோடு உட்செல்லும். அகற்றியதை ஆழப் புதைத்துவிட்டுக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். சில நாட்களின் பின் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் தசைநோ, கண் சிவத்தல் ஆகியவை தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் சென்று, எலிக்கூட்டைக் கையாண்டதை வைத்தியரிடம் கூறுங்கள்.

எலி உள்ள இடத்துக்கு அதனைத் தேடிப் பாம்பும் வரும். சாரை தீங்கற்றது, ஆயின் நாகமும் புடையனும் எலியையே உண்பவை. ஆதலால் இருண்ட இடத்திற் கையை விடுமுன் மின்சூளால் ஒளி பாய்ச்சிப் பார்த்து, ஒரு நீண்ட தடியாற் கிளறுங்கள்.

மீண்டும் இயக்குமுன்

உழவுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே இயந்திரத்தைச் சோதித்தல் வேண்டும். அக்காலத்திற் கண்ட பழுதைத் திருத்த நாளுண்டு. உழவு நாளிற் கண்ட பழுதுக்கு நாளில்லை. பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள்.

1. மின்கலத்தைப் பூட்டுமுன் இயந்திர மூடி, இருக்கை, மின்கலப் பெட்டி, கருவிப் பெட்டி ஆகியவற்றைத் திறந்து பாருங்கள்.

2. புகைபோக்கியின் அயலில் உள்ள சருகு யாவற்றையும் அகற்றுங்கள். தகரத்தையும் கம்பிவலையையும் எடுத்துவிடுங்கள்.

3. வடிகட்டியை வெளியே எடுத்து, ஒளியின்முன் பிடித்துத் துளையுண்டா எனப் பாருங்கள்.

4. கம்பிகளையும் குழாய்களையும் முழு நீளத்துக்கும் தடவிச் சோதியுங்கள். கடியுண்ட கம்பியை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள்.

5. யாவும் செம்மையெனக் கண்ட பின்னரே மின்கலத்தைப் பூட்டி இயக்குங்கள். முதற் பத்து நிமிடம் அருகிலேயே நின்று, புகை, கசிவு, கருகல் மணம் உண்டா எனக் கவனியுங்கள்.

நெல்லை எலியிடமிருந்து காக்கும் கமக்காரர், அந்நெல்லை விளைவிக்க உதவும் இயந்திரத்தையும் அவ்வாறே காத்தல் வேண்டும். ஐயமேற்படின் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் உங்கள் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்து ஆலோசனை பெறுங்கள்.